சம்பந்தி வீட்டுக் கட்டம்: பழைய டார்டன் மப்ளரை எண்ணி அதேபோல் நெய்வது எப்படி

என் மகள் வாழ்க்கைப்பட்ட வீட்டின் குடும்பப் பெயர் வாலஸ். ஸ்காட்லாந்தில் ஃபைஃப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். அந்தப் பெயருக்கென்று ஒரு கட்டம் உண்டு: சிவப்பும் கறுப்பும் பட்டையாக, கறுப்பின் நடுவில் மெல்லிய மஞ்சள் கோடு. இப்படிப்பட்ட ஸ்காட்லாந்துக் கட்டத்துக்குத்தான் டார்டன் என்று பெயர். சம்பந்தியின் அப்பா போட்டிருந்த மப்ளர் ஒன்று பீரோவில் கிடந்தது. பாதியைப் பூச்சி தின்றுவிட்டது. "இதேமாதிரி ஒன்று நெய்து தர முடியுமா?" என்று சம்பந்தி கேட்டார்.

நான் சென்னிமலைக்காரி என்று மகள் அவரிடம் எப்போதோ சொல்லிவைத்திருக்கிறாள். சென்னிமலை என்றால் தறி, தறி என்றால் பிறவி ஞானம் என்று அவராக முடிவு செய்துகொண்டார். என் அப்பா அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். தறிச் சத்தம் காதில் விழுந்ததோடு சரி. நெசவு கற்றுக்கொண்டது இங்கே வந்து, ஐம்பது வயதுக்கு மேல், மாலை வகுப்பில். அதனால் இதைப் படிக்கிறவர்களும் பயப்பட வேண்டாம். நாலு சட்டம் (நீளவாட்டு இழைகளைத் தூக்கி இறக்குவது) உள்ள மேசைத் தறியும் எண்ணுவதற்குப் பொறுமையும் இருந்தால் போதும். பொறுமைதான் எனக்கு முதல் தடவை பற்றாக்குறையாகப் போனது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். டார்டன் என்பது படமல்ல, எண் வரிசை. எந்த நிறத்தில் எத்தனை இழை, அதற்கடுத்து எந்த நிறத்தில் எத்தனை இழை என்கிற பட்டியல்தான் அது. அந்த வரிசைக்கு இங்கே 'செட்' என்று பெயர். பாவில், அதாவது தறியில் நீளவாட்டில் கட்டும் இழைகளில், என்ன வரிசையோ அதே வரிசை ஊடையிலும், அதாவது குறுக்கே ஓடும் இழையிலும். சிவப்புப் பாவு மேல் சிவப்பு ஊடை போனால் முழுச் சிவப்பு. சிவப்பின் மேல் கறுப்பு போனால் சாய்ந்த கோடு கோடாக அரக்கு நிறம். மூன்று நிற நூலை வைத்து நெய்தால் துணியில் ஆறு நிறம் தெரியும், மூன்று சுத்தம், மூன்று கலப்பு. நாலு நூல் என்றால் பத்து. ஆறு நூல் என்றால் இருபத்தொன்று. அதனால்தான் நிறத்தைக் கூட்டிக்கொண்டே போன டார்டன் தூரத்திலிருந்து பார்த்தால் சேறு குழப்பியதுபோல இருக்கிறது. ராப் ராய் மக்ரெகர் என்ற கட்டம் சிவப்பும் கறுப்பும் சம அளவில், வேறொன்றும் கிடையாது. அதைவிட அழகான டார்டன் இல்லை என்பது என் கட்சி. சம்பந்தி ஒத்துக்கொள்ள மாட்டார்.

சரி, எண்ணுவோம். துணியின் நடுவில் எண்ணாதீர்கள். குஞ்சம் தொடங்கும் இடத்தில், துணியின் விளிம்பை ஒட்டி எண்ணுங்கள். அங்கே பாவு இழைகள் தனித்தனியாகத் தெரியும். கம்பளித் துணி பஞ்சுபோல மூடிக்கொண்டிருக்கும்; தையல் ஊசியால் ஒவ்வோர் இழையையும் லேசாக நெம்பித்தான் எண்ண வேண்டும். கையில் பிடிக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று வேண்டும். தொடங்கிய இடத்தில் ஒரு குண்டூசி, நிறம் மாறும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு குண்டூசி. எண்ணிக்கையைக் காகிதத்தில் உடனே எழுதுங்கள், மனதில் வைக்காதீர்கள். டீ வைக்க எழுந்து போனால் பதினேழா பதினெட்டா என்று மறந்துபோகும்.

வெளிச்சம் முக்கியம். இங்கே டிசம்பரில் மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். விளக்கு வெளிச்சத்தில் கறுப்பும் கருநீலமும் ஒன்றுபோலவே இருக்கும். பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, குஞ்சத்திலிருந்து ஓர் இழையை உருவி வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்துப் பாருங்கள். நீலமென்றால் அப்போது காட்டிக்கொடுத்துவிடும். வாலஸில் நீலம் கிடையாது. ஆனால் பிளாக் வாட்ச் மாதிரி கட்டங்களில் நீலம், கறுப்பு, பச்சை மூன்றுமே இருட்டாக இருக்கும், ஏமாந்துவிடுவோம்.

அந்தப் பழைய மப்ளரில் எனக்குக் கிடைத்தது: கறுப்பு 2, சிவப்பு 18, கறுப்பு 18, மஞ்சள் 2. அதற்கப்புறம் வரிசை அப்படியே திரும்புகிறது: கறுப்பு 18, சிவப்பு 18, மறுபடி மெல்லிய கறுப்பு 2. போய் முட்டித் திரும்பும் அந்த இரண்டு இடங்களுக்கும், அதாவது மெல்லிய கறுப்புக்கும் மஞ்சளுக்கும், 'பிவட்' என்று பெயர். நான் திருப்பம் என்று சொல்கிறேன். பெரும்பாலான டார்டன் இப்படிக் கண்ணாடிபோலத் திரும்பும். சில திரும்பாமல் ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும்; புகேனன் அதற்குப் பேர்போன உதாரணம். எண்ணத் தொடங்குமுன் உங்கள் துணி எந்த ரகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எண்ணியதை ஒத்துப்பார்க்க வேண்டும். ஸ்காட்டிஷ் ரெஜிஸ்டர் ஆஃப் டார்டன்ஸ் என்று அரசாங்கப் பதிவேடு ஒன்று இருக்கிறது. 2008 இல் அதற்கென்றே சட்டம் போட்டு, 2009 பிப்ரவரியில் திறந்தார்கள். இணையத்தில் பெயர் போட்டுத் தேடலாம். ஒரே பெயருக்கு ஐந்தாறு கட்டம் வந்தால் திகைக்க வேண்டாம். சாதாரணம், வேட்டைக்கு, விசேஷத்துக்கு என்று பிரிவுகள் உண்டு. வாலஸுக்கு வழக்கமாகக் காட்டப்படும் கணக்கு இது:

கே/4 ஆர்32 கே32 ஒய்/4

கே என்றால் கறுப்பு. ஆங்கிலத்தின் பி எழுத்தை நீலம் எடுத்துக்கொண்டதால் கறுப்புக்குக் கடைசி எழுத்து கிடைத்தது. ஆர் சிவப்பு, ஒய் மஞ்சள். சாய்கோடு போட்ட இரண்டும் திருப்பங்கள். என் மப்ளரில் 2-18-18-2, இங்கே 4-32-32-4. எண் வேறு, கட்டம் அதுதான். ஆலைகள் துணியின் அகலத்துக்கும் நூலின் தடிமனுக்கும் தகுந்தமாதிரி கூட்டிக் குறைத்துக்கொள்வார்கள். விகிதம் கெடாமல் இருந்தால் போதும். ஒன்றுக்கு ஒன்பதா எட்டா என்று சண்டை போட யாரும் வரப்போவதில்லை.

இந்த இடத்தில் சம்பந்திக்கு ஒரு வருத்தமான செய்தியையும் நான் சொல்லவேண்டி வந்தது. ஸ்காட்லாந்தின் விடுதலைக்குப் போராடிய வில்லியம் வாலஸ் இந்தக் கட்டத்தைப் போட்டதில்லை. அவரை லண்டனில் கொன்றது 1305 இல். இந்தக் கட்டம் அச்சில் வருவது 1842 இல், வெஸ்டியாரியம் ஸ்காட்டிகம் என்ற புத்தகத்தில். பழைய ஓலைச்சுவடி மாதிரி ஏதோ கையெழுத்துப் பிரதியிலிருந்து எடுத்ததாகச் சொல்லி அதை வெளியிட்டவர்கள், பிரிட்டிஷ் அரியணைக்கு உரிமை கோரிய ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசர் சார்லியின் பேரன்கள் என்று சொல்லிக்கொண்ட இரண்டு சகோதரர்கள். பேரனும் இல்லை, பிரதியும் இல்லை. கட்டங்களில் பல அவர்களே போட்டவை. அதற்கு இருபது வருஷம் முன்னால், 1822 இல், நாலாம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது எல்லாரும் டார்டன் உடுத்தி வர வேண்டும் என்று நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் ஏற்பாடு செய்தார். அப்போதுதான் ஆளாளுக்கு "எங்கள் குடும்பத்துக்கு எது?" என்று தேடி ஓடினார்கள். பானக்பர்ன் ஊரிலிருந்த வில்சன்ஸ் ஆலைக்கு நல்ல வியாபாரம். சம்பந்தி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "என் அப்பா போட்டார், எனக்கு அது போதும்" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கட்டம் பழசில்லை என்பதால் டார்டனே பழசில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஃபால்கர்க்கில் மூன்றாம் நூற்றாண்டுக் காசுப் பானையோடு கிடைத்த கட்டம் போட்ட கம்பளித் துண்டு எடின்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சாயமே போடாமல், ஆட்டின் இயற்கை நிறங்கள் இரண்டை வைத்து நெய்தது.

இனி நிறம். இங்கேதான் புதிதாக வருபவர்கள் தடுமாறுவார்கள். பதிவேடு 'சிவப்பு' என்று சொல்லுமே தவிர, எந்தச் சிவப்பு என்று கறாராகப் பிடிவாதம் பிடிக்காது. மிளகாய்ப்பழச் சிவப்பில் நெய்தாலும் வாலஸ்தான், செங்கல் சிவப்பில் நெய்தாலும் வாலஸ்தான். கடைகளில் ஒரே கட்டத்தை மாடர்ன், ஏன்ஷியன்ட், வெதர்ட், மியூட்டட் என்று நாலு விதமாக விற்பார்கள். ஏன்ஷியன்ட் என்றால் பழைய கட்டம் என்று அர்த்தமில்லை. இலைச்சாயம் வெளுத்ததுபோல இளசான நிறங்கள், அவ்வளவுதான். மாடர்ன் என்றால் ரசாயனச் சாயத்தின் அடர்த்தி. வெதர்ட் என்பது மண்ணுக்குள் கிடந்த துணிமாதிரி மங்கல். நான் பழைய மப்ளரின் உள்மடிப்பைப் பிரித்துப் பார்த்தேன். வெயில் படாத அந்த இடத்தில் சிவப்பு இன்னும் பளிச்சென்று இருந்தது. அதை வைத்துத்தான் நூல் எடுத்தேன். வெளிப்பக்கத்தை வைத்து எடுத்திருந்தால் வெளுத்துப்போன நிறத்தை வெளுத்துப்போனதாகவே நெய்திருப்பேன்.

நூல் வாங்கினதும் சிவப்பை மட்டும் ஒரு சோதனை செய்யுங்கள். கொஞ்சம் நூலை நனைத்து வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். சாயம் ஒட்டினால் அந்த நூல் வேண்டாம். மஞ்சள் இரண்டே இழை. அதில் சிவப்பு ஏறினால் ஆரஞ்சாகிவிடும், கட்டத்தின் உயிரே போய்விடும்.

நூலின் தடிமனைத் தெரிந்துகொள்ள ஒரு ஸ்கேலில் நூலை நெருக்கமாக, ஆனால் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், ஓர் அங்குலத்துக்குச் சுற்றுங்கள். எத்தனை சுற்றோ அதில் மூன்றில் இரண்டு பங்குதான் ட்வில் நெசவுக்கு அங்குலத்துக்கு வைக்கவேண்டிய இழை. என் நூல் 30 சுற்று வந்தது, ஆக 20 இழை. டார்டன் ட்வில்லில்தான் நெய்யப்படும்: இரண்டு இழைக்கு மேல், இரண்டு இழைக்குக் கீழ், ஒவ்வொரு வரியும் ஓர் இழை தள்ளி. அந்தச் சாய்கோடு அப்படித்தான் வருகிறது. நம்மூர் லுங்கிக் கட்டம் ஒன்று மேல் ஒன்று கீழ் என்று போகும் சாதா நெசவு. அதனால் கட்டம் ஒத்திருந்தாலும் துணி ஒத்திருக்காது.

கணக்கைப் பாருங்கள். 4-32-32-4 ஐ மப்ளருக்குப் பாதியாக்கினேன்: கறுப்பு 2, சிவப்பு 16, கறுப்பு 16, மஞ்சள் 2. திரும்பி வரும்போது கறுப்பு 16, சிவப்பு 16. கூட்டினால் 68. அங்குலத்துக்கு 20 என்றால் ஒரு செட் 3.4 அங்குலம். மூன்று தடவை போட்டால் 204. கடைசியில் மெல்லிய கறுப்பு 2 ஐச் சேர்த்தால் இரண்டு ஓரமும் ஒன்றுபோல முடியும்: 206 இழை, பத்தேகால் அங்குலத்துக்குச் சற்று மேல். நிறவாரியாகக் கறுப்பு 104, சிவப்பு 96, மஞ்சள் 6. இரண்டு ஓரத்திலும் விழுதில் (சட்டத்தில் இழையைக் கோக்கும் கண்ணில்) கோக்காமல் சும்மா விடும் இழை ஒவ்வொன்று, அதுவும் கறுப்பு. அது இல்லாவிட்டால் ட்வில்லில் ஓரம் பிசிறடிக்கும்.

இப்போது என் தப்பு. முதல் மப்ளருக்குப் பட்டியல் எழுதும்போது, போகிற வரிசையை எழுதிவிட்டு, அதைத் தலைகீழாக அப்படியே நகலெடுத்தேன்: 2-16-16-2, பிறகு 2-16-16-2. மஞ்சள் இரண்டு தடவை வந்துவிட்டது. நாலு இழை. மெல்லிய கறுப்பும் அப்படியே நாலு. பாவு ஓட்டும்போது கண்ணில் படவில்லை, நெய்யும்போதும் படவில்லை, ஏனென்றால் ஊடையையும் அதே பட்டியலை வைத்துத்தான் நெய்தேன். ஒரு மாத வேலை. கொண்டுபோய்க் கொடுத்தேன். சம்பந்தி கழுத்தில் போட்டுக்கொண்டார், கண்ணாடி முன்னால் நின்றார், நன்றி சொன்னார். அப்புறம் அப்பாவின் மப்ளரை எடுத்து மேசையில் இதன் பக்கத்தில் போட்டு, மஞ்சள் கோட்டின்மேல் கட்டைவிரல் நகத்தை வைத்தார். பழையதில் நகத்தின் நுனிக்குள் கோடு அடங்கியது. என்னுடையதில் இரண்டு பக்கமும் பிதுங்கியது. "மஞ்சள் கொஞ்சம் சாப்பிட்டுக் கொழுத்திருக்கிறது" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அந்த மப்ளர் இப்போது என் காரின் பின்சீட்டில் கிடக்கிறது.

ஆகவே திருப்பத்தை ஒரே ஒரு தடவைதான் எழுத வேண்டும். போகும்போது மஞ்சளோடு நிறுத்துங்கள். வரும்போது மஞ்சளை விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து தொடங்குங்கள். பழைய புத்தகங்கள் சிலவற்றில் திருப்பத்தின் எண்ணைப் பாதியாகப் போட்டிருப்பார்கள், அங்கே இரட்டிப்பாக்கத்தான் வேண்டும். எது என்று சந்தேகம் வந்தால் துணியையோ படத்தையோ பார்த்து, மெல்லிய கோடு பக்கத்துப் பட்டையில் எத்தனையில் ஒரு பங்கு என்று அளந்துவிடுங்கள். காகிதம் பொய் சொன்னாலும் துணி சொல்லாது.

பாவு நீளம்: முடிந்த மப்ளர் 72 அங்குலம், நெசவில் சுருங்குவதற்கு 8, இரண்டு பக்கக் குஞ்சத்துக்கு 12, தறியில் கட்டி வீணாவது 24. மொத்தம் 116 அங்குலம், மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று என்றே வைத்துக்கொண்டேன். ஓரத்து இழை இரண்டையும் சேர்த்து 208 இழைக்கு 624 மீட்டர். ஊடைக்கு நானூறு மீட்டருக்கு மேல் பிடிக்கும். சோதனைத் துண்டுக்கும் சேர்த்துத் தாராளமாக வாங்குங்கள்; பிறகு வாங்கினால் அதே சாயத்தொட்டி கிடைக்காது.

அச்சில் (ஊடையை அடித்து நெருக்கும் சீப்பில்) அங்குலத்துக்குப் பத்துப் பல், பல்லுக்கு இரண்டு இழை. விழுதில் கோப்பது சட்டம் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று நேர் வரிசை. சட்டங்களைத் தூக்குவது ஒன்று-இரண்டு, இரண்டு-மூன்று, மூன்று-நாலு, நாலு-ஒன்று. இதை மட்டும் கடைசிவரை மாற்றக் கூடாது. கட்டம் திரும்புகிறதே என்று தூக்கும் வரிசையையும் திருப்பினால் சாய்கோடு ஒடிந்து வேறு துணியாகிவிடும். மற்றபடி பாவு கட்டுவதில் டார்டனுக்கென்று தனி வித்தை எதுவும் இல்லை.

நெய்யும்போது மூன்று நாடா (ஊடை நூலைச் சுமந்து போவது), நிறத்துக்கு ஒன்று. எல்லா எண்ணும் இரட்டைப்படையாக இருப்பதன் அருமை இங்கே தெரியும்: இடப்பக்கம் புறப்பட்ட மஞ்சள் இரண்டு வரி போட்டுவிட்டு இடப்பக்கமே திரும்பி வந்துவிடும். காத்திருக்கும் நாடாக்கள் எல்லாம் ஒரே பக்கம் நிற்கும். மஞ்சளை மட்டும் ஒவ்வொரு தடவையும் வெட்டி, நுனியை உள்ளே மடித்துவிடுங்கள். சிவப்பையும் கறுப்பையும் ஓரமாகவே சுமந்து போகலாம்.

அடிக்கும் பலம்தான் கடைசிப் பரீட்சை. கட்டம் சதுரமாக வர வேண்டும். பலமாக அடித்தால் சப்பையாகும், மெதுவாக அடித்தால் நீளும். நான் ஒரு காகிதப் பட்டையில் பாவின் ஒரு செட்டைக் கோடு போட்டுக் குறித்துக்கொண்டு, அதைத் திருப்பி ஊடைப் பக்கம் வைத்துப் பார்ப்பேன். 68 வரி 3.4 அங்குலத்துக்கு வர வேண்டும். தறியில் இழுவிசையோடு இருக்கும்போது ஒரு நூலளவு கூடுதலாக, மூன்றரை வரை விடலாம், இறக்கினதும் அடங்கிவிடும். இன்னொரு வழி, சாய்கோட்டைப் பார்ப்பது. சிவப்புச் சதுரத்தின் ஒரு மூலையில் தொடங்கும் சாய்கோடு எதிர் மூலையில் சரியாகப் போய் விழுந்தால் உங்கள் கை சரியாக இருக்கிறது. கோபத்தில் இருக்கும் நாளில் நெய்யாதீர்கள், அந்த நாலு அங்குலம் தனியாகத் தெரியும்.

இறக்கினதும் குஞ்சத்தை முறுக்கிக் கட்டிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்புப் போட்டு ஊறவிட்டு மெதுவாகப் பிசையுங்கள். கம்பளி அப்போதுதான் பூத்து இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். கொதிநீரும் வேண்டாம், முறுக்கிப் பிழிவதும் வேண்டாம். துண்டில் சுற்றி அழுத்தி, தட்டையாகப் போட்டுக் காயவையுங்கள்.

"எங்கள் குடும்பத்துக்கு டார்டன் கிடையாதே, போடலாமா?" என்று நம்மவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. போடலாம், தடுக்கச் சட்டம் எதுவும் இல்லை. பால்மோரல் கட்டத்தை மட்டும் அரச குடும்பத்துக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஊர்ப்பெயரில் இருக்கும் கட்டங்கள் யாருக்கும் பொது. சொந்தமாகவே ஒன்று வேண்டுமென்றால் அந்தப் பதிவேட்டிலேயே விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே உள்ளதுபோல இருக்கக் கூடாது, வைக்கும் பெயரோடு உங்களுக்குத் தொடர்பு இருக்க வேண்டும். சிங் என்ற பெயரில் டார்டன் இருக்கிறது.

இரண்டாவது மப்ளரை சம்பந்தி பிப்ரவரி முழுக்கக் கழற்றவில்லை. இப்போது அவர் தங்கை தனக்கு வேட்டைக் கட்டத்தில் ஒன்று கேட்டிருக்கிறார். அதற்குப் புதிதாக எண்ண வேண்டியதில்லை. வேட்டை வாலஸ் என்பது இதே கணக்குதான், சிவப்பு இருந்த இடத்தில் பச்சை. 96 இழை பச்சை, மற்றதெல்லாம் அப்படியே. பச்சை நூலை மட்டும் பகல் வெளிச்சத்தில் கறுப்போடு சேர்த்து வைத்துப் பார்த்து வாங்க வேண்டும்; அடர்பச்சை எடுத்தால் கறுப்போடு கலந்து கட்டமே தெரியாமல் போய்விடும்.